கப்பலில் இருக்கும் தம்பி

அவருக்குக் கோர்ட் வட்டாரத்தில் மை வக்கீல் என்று பெயர். ஒரு கம்பெனி தன்னிடம் வேலை பார்க்கிற ஆட்களைப் பற்றி எதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம், எதில் மூக்கை நுழைக்கக் கூடாது, தெரிந்துகொண்டதை எந்த அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றெல்லாம் யோசனை சொல்வதுதான் அவர் தொழில். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதல் காரியமாகத் தடித்த கறுப்புப் பேனாவைத் திறப்பார். பெயர் இருக்கும் இடத்தில் ஒரே கோடு. படிக்கக்கூட மாட்டார், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு அடித்துவிட்டுத்தான் மேலே போவார்.

"எனக்கே யாருன்னு தெரியாதுப்பா" என்று ஜூனியர்களிடம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். ஏதோ பெரிய விரதத்தைக் கடைப்பிடிக்கிறவர் மாதிரி இருக்கும் அந்த முகம்.

பெயரை அடித்துவிட்டால் போதும், மீதிக் கதை தனக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தார் மனிதர். அவர் மனைவிக்கு இது நன்றாகத் தெரியும். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க, கார் ஓட்டற டெஸ்ட்டுல அஞ்சு தடவை ஃபெயிலு. அஞ்சாவது தடவை டெஸ்ட் வைக்க வந்தவரோட வண்டியிலயே இடிச்சிட்டாங்க." பந்தி மொத்தமும் குலுங்கிச் சிரிக்கும். சிரித்துவிட்டு எல்லோரும் அவர் மனைவியைத்தான் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்து அவள் சண்டை பிடித்தால், "உன் பேரைச் சொன்னேனா?" என்பார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்பார்.

சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும் தேநீரை வைத்துவிட்டு அவள் கிண்டலாகக் கேட்பது வழக்கம்: "இன்னிக்கு யாரு, உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க?" அவரும் ஒரு கதையை அவிழ்ப்பார். ஆபீஸ் கதை, கோர்ட் கதை. எதிலும் பெயர் இருக்காது.

இப்படிப்பட்டவரைத்தான் அந்த மூக்குக்கண்ணாடிக் கம்பெனி கூப்பிட்டது. லென்ஸ் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்தி, ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் இன்னும் பல இடங்களுக்கும் மொத்தமாக அனுப்புகிற கம்பெனி. முப்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். புதுச் சட்டம் வந்திருக்கிறது, எங்கள் ஆட்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இரண்டு வகுப்பு எடுக்க வேண்டும், இரண்டு செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்று முதலாளியம்மா போனில் சொன்னார். செவ்வாய் என்றதும் வக்கீலுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

பேக்கிங் கூடத்தில் மேஜைகளை ஓரமாகத் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். தேய்க்கிற இயந்திரங்களை நிறுத்தியிருந்தாலும் வெள்ளைப் பொடி காற்றில் மிச்சமிருந்தது. முன்வரிசையில் முதலாளியம்மா, பக்கத்தில் குறிப்பேட்டோடு மானேஜர். எதிரே, வக்கீல் படம் காட்டக் கொண்டுவந்த வெள்ளைத்திரை. கதவுக்கு மேலே ஒரு பெரிய கடிகாரம். வருகைத்தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வழக்கம் போல வக்கீல் பெயர்களைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டார்.

நன்றாகத்தான் பேசினார். அதில் குறை சொல்ல முடியாது. "உங்க டாக்டர் சீட்டு எதுக்காக வாங்கினாங்களோ அதுக்கு மட்டும்தான். லீவு குடுக்க வாங்கின சீட்டை வெச்சுக்கிட்டு 'இவருக்குச் சர்க்கரை, பிரமோஷன் வேண்டாம்'னு முடிவு பண்ணக் கூடாது. வாசல்ல கேமரா வைக்கலாம், ஆனா இருக்குன்னு போர்டு வைக்கணும். துணி மாத்தற ரூம்ல வைக்கவே கூடாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்தான், இருந்தாலும் அதுல வர்ற உங்க சொந்தக் கடுதாசியை மேலதிகாரி சும்மா திறந்து பார்க்க முடியாது." மானேஜர் மாய்ந்து மாய்ந்து எழுதினார். தேய்க்கிற பகுதியில் வேலை செய்கிற ஒருவர் எழுந்து, டாய்லெட்டுக்குப் போகிற நேரத்தைக்கூடக் குறிக்கிறார்களே, அது சரியா என்று கேட்டார். கூடமே சிரித்தது, முதலாளியம்மா நெளிந்தார். வக்கீலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

உச்சி குளிர்ந்தால் அவருக்குக் கதை வரும்.

"ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். அங்க ஒரு அம்மா. அவங்க பேரு சத்தியமா எனக்கே தெரியாது, என் பேனாவாலயே அடிச்சிட்டேன்." வழக்கம் போல ஒரு சிரிப்பு. "நாலு வருஷம் முன்னாடி நடந்தது. இந்த அம்மா ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மூணு மணி ஆனா கிளம்பிடுவாங்க. முறையா அனுமதி வாங்கி, அந்த நேரத்தை மறுநாள் ஈடு கட்டிடுவாங்க. எதுக்குன்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. மேலதிகாரிக்குத் தலை வெடிச்சிடுச்சு. ஒருநாள் அவங்க இல்லாதப்போ அவங்க கம்ப்யூட்டரைத் திறந்து கடுதாசி எல்லாம் படிச்சிருக்கார். என்ன இருந்தது தெரியுமா?"

நிறுத்தினார். இந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பலமுறை சொன்ன கதை.

"ஜெயில்லேர்ந்து வந்த கடுதாசி. செவ்வாய் மூணரை மணி, பார்க்க அனுமதி. உள்ள இருக்கிறது கூடப் பிறந்த தம்பி. இவங்களே தாய் மாதிரி வளர்த்த தம்பி. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் என்ன சொல்லி வெச்சிருந்தாங்க தெரியுமா? தம்பி கப்பல்ல வேலை பார்க்கிறான்னு! கப்பல் எங்க இருக்கு, எந்தத் துறைமுகம்னு கேட்டா அதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்பாங்களாம்."

சிரிப்புக்காகக் காத்திருந்தார். எல்லாக் கூட்டத்திலும் இந்த இடத்தில் ஒரு மெல்லிய சிரிப்பும் அதற்குப் பின்னால் ஒரு உச்சுக்கொட்டலும் வரும். அன்று ஒன்றும் வரவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பத்துப் பன்னிரண்டு தலைகள் ஒரே சமயத்தில் மூன்றாம் வரிசையின் ஓரத்துக்குத் திரும்பின. திரும்பிய வேகத்தில் திரும்பவும் முன்னால் வந்தன.

மூன்றாம் வரிசை ஓரத்தில் ஐம்பதை நெருங்குகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, அதன்மேல் குடை. கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தவள். கடைசியாக லென்ஸைப் பரிசோதிக்கிறவள் அவள்தான் என்று தொடக்கத்திலேயே முதலாளியம்மா அறிமுகப்படுத்தியிருந்தார். 'எங்க கப்பலக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளியே போகாது' என்று சொல்லியிருந்தார். வக்கீல் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நல்ல பட்டப்பெயர் என்று நினைத்துக்கொண்டு, அப்படியே விட்டுவிட்டிருந்தார்.

கதவுக்கு மேலே கடிகாரம் மூன்றடிக்க இரண்டு நிமிடம் இருப்பதைக் காட்டியது.

வக்கீலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. அந்த மேலதிகாரி செய்தது தவறு என்று எழுதிக்கொடுத்தேன், கோப்பிலிருந்து எடுக்க வைத்தேன், கம்பெனி அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் கொடுத்தது என்று என்னென்னவோ சொன்னார். எல்லாம் உண்மைதான். ஒவ்வொரு சொல்லும் அவளை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தது. மூன்று மணி ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றே கால் ஆயிற்று. குடையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேரே வெள்ளைத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றரை. அவளைப் பார்க்கக் கூடாது என்று கூடமே பாடுபட்டதில் யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பேனாவால் அடித்தபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டாரே, அந்தப் பெயரையும் வருகைத்தாளில் இருந்த பெயர்களையும் ஒரு தடவை படித்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கம்பெனியை விட்டு அவள் எங்கே போனாள் என்று ஒரு தடவை யோசித்திருந்தாலும் போதும். யாரென்று தெரியாது என்பதை நாலு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தார். தெரியாததால்தான் அவள் முகத்துக்கு நேரே நின்று அவள் கதையை அவளுக்கே விற்றார்.

நான்கு மணிக்குக் கூட்டம் கலைந்தது. வக்கீல் போகவில்லை. தண்ணீர் வடிகட்டி வைத்திருந்த நடையோரத்தில் நின்றார். அவள் தண்ணீர் பிடிக்க வந்தாள். குவளை நிரம்பி வழிந்தது, அவள் மூடவில்லை. இவர்தான் குழாயை மூடினார்.

"அம்மா, நான்..."

"பேரை எடுத்துட்டீங்க சார்" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல். "கப்பலை எடுக்கலையே."

இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"அந்த மன்னிப்புக் கடுதாசியைப் பத்திரமா வெச்சிருக்கேன். யாரோ நல்ல மனுஷன் எழுதியிருக்கார்னு நினைச்சிருந்தேன். நீங்கதானா அது?"

"மன்னிச்சிடுங்கம்மா. நான் பண்ணினது சட்டப்படியும் தப்பு. நீங்க என்மேல புகார் குடுக்கலாம். நானே எழுதித் தரேன். எனக்கு எதிரா என்னவெல்லாம் எழுதணுமோ எல்லாத்தையும் எழுதறேன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"எழுதினா எத்தனை பேர் படிப்பாங்க?"

அவர் மனதுக்குள் எண்ணினார். வாங்கிப் பதிகிறவர், விசாரிக்கிறவர், அவருக்கு மேலே இரண்டு பேர், இங்கே முதலாளியம்மா, மானேஜர், தட்டச்சு செய்கிறவர். "ஏழு பேர்."

"இன்னிக்கு முப்பது பேர். அதோட ஏழா?" அவள் குவளைத் தண்ணீரைக் குடிக்காமலே கொட்டினாள். "இன்னிக்கு அவன் காத்துட்டு இருந்திருப்பான் சார். மூணரையிலேர்ந்து நாலு வரைக்கும் கூப்பிட்டு உட்கார வெச்சிருப்பாங்க. நான் வரலைன்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னுதான் நினைப்பான். இந்த வாரம் பூராவும் அப்படியே இருப்பான்."

வக்கீல் தலையைத் தொங்கப்போட்டார். அவருக்கு அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. அடுத்த செவ்வாய் வருவீங்கல்ல? அது பொய்னு சொல்லிடுங்க. நீங்களா கட்டின கதைன்னு. மூணு மணிக்கு நான் எழுந்தா யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்கு அது போதும். ரெண்டு வருஷமா இந்த இடம் நல்லா இருக்கு சார். திரும்ப வேற வேலை தேட எனக்குத் தெம்பு இல்ல."

சட்டென்று சரி என்று சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. "யோசிக்கிறேன்மா" என்றார். கட்டுக்கதை சொல்லி வகுப்பு எடுக்கிற வக்கீல் என்று பெயர் கெட்டுப்போகுமே என்ற நினைப்பு அந்த நிமிடத்திலும் எட்டிப் பார்த்தது. அவளுக்கு அது தெரிந்துவிட்டது. குவளையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று நடந்ததிலேயே அவரை அதிகம் கூச வைத்தது அந்த ஒரு சொல்தான். வண்டி ஓட்டும்போதும், மனைவி தேநீர் வைத்தபோதும், பல் தேய்க்கும்போதும் அந்த 'யோசிக்கிறேன்' திரும்பத் திரும்பக் காதில் கேட்டது.

மனைவியிடம் நடந்ததைச் சொன்னார், எந்தக் கம்பெனி, எந்த வேலை என்பதையெல்லாம் விட்டுவிட்டு. அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பந்தியில எல்லாரும் என்னைப் பார்ப்பாங்கல்ல, அப்ப எனக்கு எப்படி இருக்கும்னு நீங்க ஒருநாளும் கேட்டதில்ல" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் கூனிக் குறுகிப்போனார்.

அடுத்த செவ்வாய் இரண்டரை மணிக்கு அவர் அதே திரைக்கு முன்னால் நின்றார். மூன்றாம் வரிசை ஓரத்தில் அதே கைப்பை, அதே குடை.

"பாடத்துக்கு முன்னாடி ஒரு விஷயம்" என்றார். செருமிக்கொண்டார். "போன வாரம் ஒரு உதாரணம் சொன்னேன். ஜெயில், தம்பி, கப்பல்னு. அது நடந்ததே இல்ல. நானே கட்டின கதை. வகுப்பு தூங்கி வழியக் கூடாதுன்னு இந்த மாதிரி ரெண்டு மூணு கதை வெச்சிருக்கேன். என் அக்கா பையனுக்குக் கப்பல்னா பைத்தியம், அதான் கப்பலைச் சேர்த்தேன். உண்மைக் கேஸ்னு சொன்னது தப்பு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

கூடம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு பின்வரிசையில் யாரோ பலமாகச் சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. "அப்ப உங்க கறுப்புப் பேனாவும் கதைதானா சார்?" என்று தேய்க்கிற பகுதிக்காரர் கேட்க, இன்னொரு சிரிப்பு. முதலாளியம்மா சிரிக்கவில்லை. "போன வாரம் அதைக் கேட்டுட்டு நான் வீட்ல போய் அழுதேன் வக்கீல் சார்" என்றார். "மத்த கிளைகளுக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறோம்." மானேஜர் குறிப்பேட்டில் போன வாரப் பக்கத்தைத் திருப்பி, குறுக்கே கோடு போட்டார். வக்கீல் அந்தக் கோட்டைப் பார்த்தார்.

பிறகு பாடம் நடத்தினார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இனி இவர் சொல்வதில் எது நிஜம் என்று அவர்கள் ஏன் நம்ப வேண்டும்?

மூன்று மணி. நாற்காலி நகர்ந்த சத்தம். அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள், குடையை எடுத்தாள், வரிசையின் ஓரமாக நடந்தாள். ஒரு தலை திரும்பவில்லை. இரண்டாம் வரிசை ஓரத்தில் இருந்த பேக்கிங் பெண் காலை மடக்கி வழிவிட்டாள், கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே. கப்பலக்கா அவரைக் கடந்து போனாள். பார்க்கவில்லை, தலையசைக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது.

பொய் பலித்துவிட்டது என்று வக்கீலுக்குள் ஒரு சின்ன நிம்மதி எழுந்தது. என் பெயர் போனாலும் போகட்டும், பொய் நன்றாகச் சொன்னேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. பட்டும் புத்தி வராத மனிதர்.

கூட்டம் முடிந்து, திரையையும் பெட்டியையும் அவர் காருக்குத் தூக்கி வந்தது கம்பெனியின் வேன் டிரைவர். நரைத்த மீசை, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கண்ணாடிப் பெட்டிகளைக் கொண்டுபோய்ப் போடுகிறவர். பின்கதவைச் சாத்திவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், இன்னிக்குச் சொன்னீங்கல்ல பொய்யி, நல்லா சொன்னீங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"ஜெயிலுக்கும் நாமதான் கண்ணாடி குடுக்கிறோம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டி இறக்கப் போனேன். பார்க்க வந்தவங்க வரிசையில அக்கா நிக்கிறாங்க. என்னைப் பார்க்கல. நானும் வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். திரும்பி வந்து வாய் சும்மா இருக்காம நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன். அது என் தப்புதான். ஆனா அன்னிக்கே எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணினோம், தெரிஞ்ச மாதிரி காட்டிக்கவே கூடாதுன்னு. அதுக்கப்புறம்தான் சார் கப்பலக்கான்னே கூப்பிட ஆரம்பிச்சோம். அப்பதானே நாங்க நம்பறோம்னு அவங்களுக்கு நிம்மதியா இருக்கும்?"

"அப்ப போன வாரம் எல்லாரும் திரும்பினது..."

"பதறிப்போய்த்தான் சார். ரெண்டு வருஷமா பொத்திப் பொத்தி வெச்சதை நீங்க வந்து மைக்குல சொன்னா? அக்காவுக்கு ஒண்ணும் ஆகலியேன்னு பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாது. பார்த்ததுலதான் அவங்க உடைஞ்சாங்க. இந்த வாரம் பூரா ஒருத்தரும் சரியாச் சாப்பிடல." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதும்தான் எங்களுக்கு உயிர் வந்தது. பின்னாடி முதல்ல சிரிச்சது நான்தான்."

வக்கீல் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். அடுத்தவர் விஷயத்தைப் பொத்தி வைப்பது எப்படி என்று இவர்களுக்குப் பாடம் நடத்த வந்திருந்தார். திரை கொண்டுவந்து, படம் போட்டு.

"அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார், எங்களுக்குத் தெரியும்னு. நாளைக்குக் காலையில பேக்கிங் பொண்ணு எப்பவும் போலக் கேக்கும், 'அக்கா, கப்பல் இப்ப எந்த ஊர்ல நிக்குது?'ன்னு. அவங்களும் ஏதாவது ஊர் பேரைச் சொல்வாங்க. அப்படியே போகட்டும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்லக் கூசியது. தலையை மட்டும் ஆட்டினார். டிரைவர் அதைப் போதுமென்று ஏற்றுக்கொண்டு உள்ளே போனார்.

வீட்டில் தேநீரை வைத்துவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள். போன வாரத்திலிருந்து அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. இன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, பழைய கிண்டலில் பாதியோடு கேட்டாள்.

"இன்னிக்கு யாரு, உங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க?"

அவர் தேநீரைக் கையில் எடுத்தார். சொல்வதற்கு அவர் வாழ்நாளிலேயே நல்ல கதை அது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"யாரும் இல்ல" என்றார்.